விசை, அளவு, தேவை: கூட்டிக்குறைக்கத்தக்க கழுத்துத் தாங்கியின் வடிவமைப்பு வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

கழுத்து முள்ளெலும்புகளின் அசைவைக் கட்டுப்படுத்தும் தாங்கிகள் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. அவற்றைக் கூட்டியும் குறைத்தும் அமைத்துக்கொள்ளும் வசதி, வரலாற்றில் மூன்று வேறுபட்ட நோக்கங்களுக்காக உருவானது. தலையை மேலே இழுக்கும் விசையை மாற்றுவது முதல் நோக்கம். ஒரே கருவியைப் பல உடல்களுக்குப் பொருத்துவது இரண்டாவது. அணிபவரின் தேவைக்கேற்ப எந்த அசைவைத் தடுப்பது, எதனை அனுமதிப்பது என்று தெரிவுசெய்வது மூன்றாவது. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதுவதால் விளையும் தீங்கினை இக்கட்டுரை வரலாற்று அடிப்படையில் எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: கழுத்துத் தாங்கி, கழுத்துப்பட்டை, முள்ளெலும்பு, அசைவுக் கட்டுப்பாடு, மருத்துவக் கருவி வரலாறு.

முன்னுரை

கை முறிந்தால் முறிவுக்கு மேலும் கீழும் தப்பை வைத்துக் கட்டலாம். கழுத்துக்கு அவ்வாறு செய்ய இயலாது. மூச்சுக்குழாய், உணவுக்குழாய், மூளைக்குச் செல்லும் தமனிகள், மூளையிலிருந்து திரும்பும் சிரைகள் ஆகிய அனைத்தும் அக்குறுகிய பகுதியில்தான் அடங்கியுள்ளன. ஆகவே கழுத்தை நேரே இறுக்கிப் பிடிப்பது உயிருக்கே கேடாகும். கழுத்துத் தாங்கி எனப்படும் கருவி உண்மையில் கழுத்தைப் பிடிப்பதில்லை. மேலே தாடையையும் பிடரியையும், கீழே மார்பெலும்பையும் தோள்களையும் பற்றிக்கொண்டு, இடையிலுள்ள ஏழு முள்ளெலும்புகளை மறைமுகமாகக் கட்டுப்படுத்துகிறது.

இம்மறைமுகத் தன்மையே கழுத்துத் தாங்கியின் வடிவமைப்பில் எழும் சிக்கல்கள் அனைத்திற்கும் வேராகும். தாடை, உண்ணவும் பேசவும் அசைந்தாக வேண்டிய உறுப்பு. உறுதியான பிடிமானம் ஆகாது. பிடரியின் தோலுக்கு அடியில் தசை குறைவு. நீண்டநேர அழுத்தத்தைத் தாங்காது. மேலும், கழுத்தின் அசைவுகள் ஏழு எலும்புகளுக்கும் சமமாகப் பங்கிடப்பட்டவை அல்ல. தலையைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி, முதல் முள்ளெலும்பாகிய அட்லஸுக்கும் இரண்டாவதாகிய ஆக்ஸிஸுக்கும் இடையில் நிகழ்கிறது. ஆகவே ஒரே தாங்கி எல்லா இடங்களிலும் ஒரே அளவு பயன்தரும் என எதிர்பார்க்க இயலாது.

இப்பின்னணியில், தாங்கியைக் கூட்டிக்குறைக்கும் ஏற்பாடு எதற்காக உருவாயிற்று, காலந்தோறும் அதன் பொருள் எவ்வாறு மாறியது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பண்டைய மருத்துவ நூல்களில் கழுத்துக் காயம்

கழுத்துக் காயம் பற்றிய மிகப் பழைய மருத்துவப் பதிவுகளுள் ஒன்று எகிப்திய எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் சுருளாகும். கி.மு. 1600 அளவில் படியெடுக்கப்பட்ட இச்சுருளில் 48 நோயாளர் நிலைகள் விளக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சில கழுத்து முள்ளெலும்புகளைப் பற்றியவை. சுளுக்கு மருத்துவத்துக்கு உரியதாகக் கொள்ளப்படுகிறது. முள்ளெலும்பு பிறழ்ந்து கைகால்கள் செயலிழந்த நிலையோ மருத்துவம் செய்யத்தகாததாக ஒதுக்கப்படுகிறது. தண்டுவடம் சிதைந்தபின் எந்தக் கட்டும் பயன்தராது என்னும் அறிவு அக்காலத்திலேயே இருந்தமையை இது காட்டுகிறது.

இந்திய மரபில் சுசுருத சங்கிதையின் சிகிச்சைப் பகுதியில் எலும்புமுறிவு பற்றிய அத்தியாயம் இதற்கு ஒரு மருத்துவ முறையைக் கூறுகிறது. கழுத்து திருகிப்போனாலோ உள்வாங்கினாலோ, பிடரியிலும் தாடையிலும் பற்றி நோயாளியை உயர்த்தி, பின்னர்ச் சிம்பு வைத்துத் துணியால் சுற்றி, ஏழு இரவுகள் மல்லாந்து படுக்கவைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. பற்றும் இடங்களாகத் தாடையும் பிடரியுமே சுட்டப்படுவது நோக்கத்தக்கது. இன்றைய தாங்கியும் அவ்விரு இடங்களையே பற்றுகிறது. ஆனால் அங்கே உயர்த்துதல் மருத்துவரின் கைவினை. அசையாமை படுக்கையின் பணி. கட்டு இவ்விரண்டுக்கும் துணை மட்டுமே. உயர்த்தும் பணியையும் நிறுத்தும் பணியையும் அணிகருவி ஒன்றிடமே ஒப்படைக்கும் எண்ணம் பிற்காலத்து ஐரோப்பாவில் வளர்ந்தது.

முதற் பொருள்: விசையைக் கூட்டுதல்

18, 19ஆம் நூற்றாண்டுகளில் தாங்கிகளின் வளர்ச்சிக்கு முதன்மைக் காரணமாக இருந்தது விபத்தன்று; முதுகெலும்புக் காசநோய். 1779இல் இலண்டன் அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட், முதுகு வளைவோடு கால்கள் செயலிழக்கும் நிலையை விளக்கினார். அரிக்கப்பட்ட முள்ளெலும்புகள் தலையின் எடையால் நொறுங்குகின்றன. ஆகவே அவ்வெடையை அவற்றின் மீதிருந்து இறக்க வேண்டும் என்பதே அக்காலக் கருவிகளின் அடிப்படை. பிரான்சில் லெவாஷே, முதுகுப்புறத்திலிருந்து தலைக்குமேல் வளைந்து செல்லும் கம்பியில் தலையைத் தொங்கவிடும் கருவியை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமைத்தார்.

இவ்வமைப்புக்குப் புதுவாழ்வு தந்தது மாவுக்கட்டு. நெதர்லாந்துப் படை மருத்துவர் அந்தோனியஸ் மதைசன் பாரிஸ் சாந்து தோய்ந்த துணிக்கட்டு பற்றி 1852இல் வெளியிட்டார். அதனை உடற்பகுதி முழுமைக்கும் சட்டைபோல் பயன்படுத்திப் புகழ்பெற்றவர் நியூயார்க் நகரின் லூயிஸ் சேயர். முக்காலியில் நோயாளியைத் தொங்கவிட்டு மாவுக்கட்டுச் சட்டை அணிவிக்கும் தம் முறையை அவர் 1877இல் நூலாக வெளியிட்டார். கழுத்து நோய்க்கு, அச்சட்டையின் முதுகில் ஓர் இரும்புக் கம்பியைப் பதித்துத் தலைக்குமேல் வளைத்து, அதிலிருந்து தாடைக்கும் பிடரிக்கும் வார்களை இறக்கினார். இக்கருவி ‘ஜூரி மாஸ்ட்’ எனப்பட்டது. கப்பலின் பாய்மரம் முறிந்தால் அதற்குப் பதிலாகத் தற்காலிகமாக நட்டப்படும் மரத்தைக் குறிக்கும் கடற்சொல் அது. முறிந்த தூணுக்கு மாற்றாக வெளியே ஒரு தூண் என்னும் கருத்தை அப்பெயரே உணர்த்துகிறது.

இங்குக் கூட்டிக்குறைத்தல் என்பது விசையைக் கூட்டிக்குறைத்தலாகும். வாரைச் சுருக்கினால் தலை உயரும், தளர்த்தினால் தாழும். இதே காலத்தில் லிவர்பூல் நகரின் ஹியூ ஓவன் தாமஸ் ஓய்வை முதன்மைப்படுத்தினார். நோயுற்ற மூட்டுக்குத் தளர்வற்ற, இடையறாத, நீண்ட ஓய்வு வேண்டும் என்பது அவர் கொள்கை. அவர் பெயரால் வழங்கும் கழுத்துப்பட்டை, தலைக்குமேல் தூண் எதுவுமின்றித் தாடைக்கும் தோளுக்கும் இடைப்பட்ட வெளியை நிரப்பும் எளிய அமைப்பாகும். சேயரின் கருவி இழுத்தது. தாமஸின் கருவி தாங்கியது. பிற்காலத் தாங்கிகளை இவ்விரண்டு மரபுகளின் தொடர்ச்சியாகக் காணலாம்.

இழுவை மரபு 20ஆம் நூற்றாண்டில் அணிகருவியிலிருந்து ஓரளவு பிரிந்தது. 1933இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் கெய்ல் கிரட்ச்ஃபீல்ட், மண்டையோட்டில் நேரே பற்றும் இடுக்கியின் வழியாகக் கழுத்து முள்ளெலும்புப் பிறழ்வைச் சீராக்கினார். எடையைக் கூட்டியும் குறைத்தும் இழுவிசையை அளந்து தர இது இடமளித்தது. ஆனால் நோயாளி படுக்கையை விட்டு எழ இயலாது.

அந்தத் தடையை நீக்கியது ஹாலோ என்னும் வளையம். கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் ஜாக்குலின் பெர்ரியும் வெர்னான் நிக்கலும் இதனை வடிவமைத்து 1959இல் வெளியிட்டனர். இளம்பிள்ளைவாதத்தால் கழுத்துத் தசைகள் செயலிழந்து தலை நிற்காமற்போனவர்களுக்கு, முள்ளெலும்புகளை இணைக்கும் அறுவைக்குப்பின் எலும்பு கூடும்வரை தலையை நிறுத்துவதே அதன் முதல் நோக்கம். மண்டையோட்டில் திருகப்பட்ட ஊசிகள் வளையத்தைத் தாங்க, வளையத்திலிருந்து இறங்கும் தண்டுகள் மார்புச் சட்டையில் பொருந்தும். தோலையும் தாடையையும் விட்டுவிட்டு எலும்பையே பற்றியதால் இது பிற தாங்கிகளினும் உறுதியாயிற்று. அதற்குரிய விலையும் இருந்தது. 1986இல் வெளியான ஓர் ஆய்வில், 179 நோயாளிகளுள் 36 விழுக்காட்டினருக்கு ஊசி தளர்ந்தது. 20 விழுக்காட்டினருக்கு ஊசியிடத்தில் தொற்று ஏற்பட்டது.

அளவீட்டின் வருகை

1970கள் வரை எந்தத் தாங்கி எவ்வளவு அசைவைத் தடுக்கிறது என்பது பெரும்பாலும் மருத்துவரின் அனுபவ முடிவாகவே இருந்தது. 1977இல் ஜான்சன் முதலானோர் வெளியிட்ட ஒப்பீட்டாய்வு இந்நிலையை மாற்றியது. நலமுடைய 44 பேருக்குப் பல்வேறு தாங்கிகளை அணிவித்து, கதிர்ப்படங்களின் துணையோடு அசைவை அளந்தனர்.

குனிந்து நிமிரும் அசைவில் மென்பட்டை தடுத்தது 26 விழுக்காடு, பக்கச் சாய்வில் 8, சுழற்சியில் 17. நுரைநெகிழியால் ஆன இருபாதிப் பட்டையாகிய ‘பிலடெல்பியா’ முறையே 71, 34, 56 விழுக்காடு தடுத்தது. முன்னும் பின்னும் இரண்டிரண்டு தண்டுகளைக் கொண்ட நான்குதூண் தாங்கி 79, 54, 73 விழுக்காடும், மார்பு வரை நீளும் தாங்கி 87, 50, 82 விழுக்காடும் தடுத்தன. நோயாளிகளிடம் அளக்கப்பட்ட ஹாலோவுக்கு இவை 96, 96, 99 விழுக்காடாக இருந்தன.

இவ்வெண்களிலிருந்து இரண்டு செய்திகள் தெளிவாகின்றன. ஒன்று, தாங்கியின் நீளமும் விறைப்பும் கூடக்கூடக் கட்டுப்பாடு பொதுவாகக் கூடுகிறது. மற்றொன்று, கட்டுப்பாடு எல்லாத் திசைகளிலும் ஒரே சீராகக் கூடுவதில்லை. குனிதலைப் பத்தில் ஏழு பங்கு தடுக்கும் பட்டை, பக்கச் சாய்வில் மூன்றில் ஒரு பங்கையே தடுக்கிறது. இது தற்செயலானதன்று. தாடையின் அடியிலும் பிடரியிலும் அமையும் முட்டு, முன்பின் அசைவுக்கு நேர் எதிராக நிற்கிறது. பக்கவாட்டில் அத்தகைய பிடிமானம் இல்லை.

மேலும், தலையும் மார்பும் அசையாதிருந்தாலும் இடையிலுள்ள முள்ளெலும்புகள் ஓரிடத்தில் முன்னும் மற்றோரிடத்தில் பின்னுமாக வளையக்கூடும் என்பது ஹாலோ அணிந்தவர்களிடம் கண்டறியப்பட்டது. பாம்பின் நெளிவை ஒத்த இவ்வசைவு, வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கினாலும் முழு அசையாமை கிட்டாது என்பதை உறுதிசெய்தது. வடிவமைப்பாளரின் இலக்கு அசைவை ஒழிப்பது அன்று, குறைப்பதே என்னும் தெளிவு இவ்வாறு உருவாயிற்று.

இரண்டாம் பொருள்: அளவைப் பொருத்துதல்

இதற்கிடையே கழுத்துத் தாங்கி மருத்துவமனையை விட்டுச் சாலைக்கு வந்துவிட்டது. 1960களில் அமெரிக்காவில் நொறுங்கிய வாகனங்களிலிருந்து காயமுற்றோரை வெளியேற்றும் முறைகளைக் கோசுத், ஃபாரிங்டன் ஆகிய மருத்துவர்கள் வகுத்தனர். முதுகுப் பலகையும் கழுத்துப்பட்டையும் மீட்புப் பணியின் வழக்கங்களாயின. காசநோயாளிக்குப் பல நாள் அளந்து, வார்த்து, பொருத்தப்பட்ட கருவி, இப்போது முன்பின் அறியாத ஒருவருக்குச் சில நொடிகளில் சாலையோரத்தில் அணிவிக்க வேண்டியதாயிற்று. வடிவமைப்பின் கேள்வியே மாறிவிட்டது. ‘இவ்வுடலுக்கு எவ்வாறு செய்வது?’ என்பது போய், ‘எவ்வுடலுக்கும் எவ்வாறு பொருத்துவது?’ என்பது வந்தது.

முதலில் தனித்தனி அளவுகளில் பட்டைகள் செய்யப்பட்டன. ஸ்டிஃப்நெக் என்னும் விறைப்பான பட்டை நெடிய கழுத்து, இயல்பான கழுத்து, குறுங்கழுத்து எனப் பல அளவுகளில் வந்தது. ஊர்தியில் எல்லா அளவுகளையும் சுமப்பது இடர்ப்பாடாக இருந்தமையால், அதன் பிந்திய வடிவத்தில் நான்கு அளவுகள் ஒரே பட்டையில் அடங்கின. தாடைத் தாங்கியை உயர்த்தியும் தாழ்த்தியும் பூட்டிக்கொள்ளலாம். ஆம்பு நிறுவனத்தின் ஒரு பட்டையில் இது 16 நிலைகளாக விரிந்தது. தோளின் மேல்விளிம்புக்கும் தாடையின் கீழ்மட்டத்துக்கும் உள்ள இடைவெளியை மீட்பாளர் தம் விரல்களால் அளந்து, அதே அளவைப் பட்டையில் அமைப்பது பொதுவான முறையாகும். தொண்டையில் குழல் செலுத்த முன்புறத் திறப்பு, கதிர்ப்படத்தை மறைக்காத நெகிழி, ஒட்டிப் பிரிக்கும் வெல்க்ரோ வார் ஆகியனவும் இவ்வகைப் பட்டைகளின் பொது இயல்புகளாயின.

சேயரின் கருவியில் உயர்த்துதல் நோக்கமாக இருந்தது. சாலையோரப் பட்டையில் அது நோக்கமன்று. பட்டை கழுத்தின் உயரத்துக்கு ஒத்திருந்தால் போதும். ஆனால் தாடைத் தாங்கியை உயர்த்தும் செயல் இரண்டிலும் ஒன்றே. ஒரு படி கூடுதலாக உயர்த்தினால், பொருத்தும் கருவி இழுக்கும் கருவியாகிவிடுகிறது. இதன் விளைவை 2010இல் பென்-கலிம் முதலானோர் பிண உடல்களில் மேற்கொண்ட ஆய்வு வெளிக்கொணர்ந்தது. இணைப்பிழைகள் அறுந்த நிலையிலுள்ள கழுத்துகளில் மீட்புப்பட்டையை அணிவித்தபோது, அட்லஸும் ஆக்ஸிஸும் சராசரியாக 7.3 மி.மீ. விலகின. காக்க வந்த கருவியே விலக்கும் கருவியாயிற்று. முதுகெலும்புகள் ஒன்றோடொன்று இறுகி வளைந்துபோன நோயாளிகளிடமும் இத்தகைய ஆபத்து உண்டு. அவர்களுடைய கழுத்தின் இயல்பான வளைவைப் பட்டையின் நேர்நிலைக்கு வலிந்து கொண்டுவருவது புதிய முறிவை உண்டாக்கலாம்.

பிற தீங்குகளும் அளந்தறியப்பட்டன. தோலின் நுண்குழாய்களில் குருதியோட்டத்தை நிறுத்தும் அழுத்தமாக ஏறத்தாழ 32 மி.மீ. பாதரசம் கொள்ளப்படுகிறது. 1994இல் நான்கு பட்டைகளை ஒப்பிட்ட பிளேசியர் முதலானோர், அவற்றுள் மீட்புக்குரிய விறைப்பான பட்டை இவ்வரம்பைக் கடப்பதைக் கண்டனர். பிடரியிலும் தாடையிலும் அழுத்தப்புண் வருவதற்கு இதுவே காரணமாகும். தலைக்காயம் அடைந்தவர்களிடம் விறைப்பான பட்டை மண்டையக அழுத்தத்தைச் சராசரியாக 4 முதல் 5 மி.மீ. பாதரசம் வரை உயர்த்துவதாக வேறு ஆய்வுகள் தெரிவித்தன. கழுத்துச் சிரைகள் நெருக்குண்பது இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது.

அசையாமைக் கொள்கை மீதான ஐயம்

கருவியின் தீமைகள் அளக்கப்பட்ட அதே காலத்தில், அதன் நன்மையும் கேள்விக்குள்ளாயிற்று. இதற்கு முன்னோடி காசநோய் மருத்துவத்திலேயே உண்டு. மார்பு, இடுப்பு முள்ளெலும்புக் காசநோய்க்கு மருந்து கிடைத்தபின், கொரியாவின் பூசான் நகரில் நடைபெற்ற ஒப்பீட்டாய்வில், மாவுக்கட்டுச் சட்டை அணிந்தோருக்கும் அணியாதோருக்கும் பலனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 1973இல் வெளியான இம்முடிவு நூற்றாண்டுப் பழமையுடைய வழக்கத்தை அசைத்தது. சென்னையில் நடைபெற்ற பிந்திய ஆய்வுகளும் நோயாளிகள் நடமாடியவாறே மருந்தால் நலம்பெறலாம் என்பதை வலுப்படுத்தின. இவை கழுத்தைப் பற்றியன அல்ல. ஆயினும், அசையாமை தன்னளவிலேயே மருந்து என்னும் கொள்கையைச் சோதனைக்கு உட்படுத்த இயலும் என்பதைக் காட்டின.

காயத்தின் துறையில் இத்தகைய கேள்வியை எழுப்பியது ஹாஸ்வால்ட் முதலானோரின் 1998ஆம் ஆண்டு ஆய்வு. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு எவ்விதக் கட்டுமின்றிக் கொண்டுவரப்பட்ட 120 பேரையும், நியூ மெக்சிகோவில் கட்டுகளுடன் கொண்டுவரப்பட்ட 334 பேரையும் அது ஒப்பிட்டது. கட்டின்றி வந்தவர்களிடம் நரம்பியல் குறைபாடு குறைவாக இருந்தது. இரு நாடுகளின் விபத்து முறைகளும் மருத்துவ ஏற்பாடுகளும் வேறுபட்டவை என்பதால், கட்டே தீங்கு செய்தது என்று இதிலிருந்து முடிவுகட்ட இயலாது. ஆனால் கட்டு நன்மை செய்கிறது என்பதும் மெய்ப்பிக்கப்படாத கருத்தே என்பதை அது உணர்த்தியது.

அதன்பின் யாருக்குத் தாங்கி தேவை என்பதே முதன்மையான கேள்வியாயிற்று. 2000இல் அமெரிக்காவில் 34,069 பேரிடம் சோதிக்கப்பட்ட ஐந்து அளவுகோல்களும், 2001இல் கனடாவில் 8,924 பேரிடமிருந்து உருவாக்கப்பட்ட விதியும், கதிர்ப்படமின்றியே பலருடைய கழுத்தைப் பாதுகாப்பானது என அறிவிக்க வழிசெய்தன. பன்னாட்டு உயிர்மீட்பு வழிகாட்டுதல் குழு 2015இல், முதலுதவியாளர் வழக்கமாகவே கழுத்துப்பட்டை அணிவிப்பதைப் பரிந்துரைக்காத நிலைக்கு வந்தது.

மூன்றாம் பொருள்: தேவையைத் தெரிவுசெய்தல்

தாங்கி தேவையற்றது என்பது இதன் பொருளன்று. எலும்புமுறிவு ஆறும் காலத்திலும் அறுவைக்குப் பின்னும் நீண்டநாள் அணிவதற்கெனத் திணிப்பும் காற்றோட்டமும் உடைய பட்டைகள் வந்துள்ளன. ஆனால் கூட்டிக்குறைத்தலுக்கு முற்றிலும் வேறொரு பொருள் தந்தது நரம்பியல் நோயாளிகளின் தேவையாகும்.

இயக்க நரம்பணு நோயில் கழுத்துத் தசைகள் வலுவிழந்து தலை தொங்கிவிடுகிறது. ஹாலோ முதலில் எதிர்கொண்டதும் தசை செயலிழந்து நிற்காத தலையையே. ஆனால் இந்நோயாளிக்கு எலும்பு கூடும்வரை காத்திருக்கும் காலக்கெடு இல்லை. நாள்தோறும் உண்ணவும் பேசவும் எதிரிலிருப்பவரை நோக்கவும் வேண்டும். விறைப்பான பட்டை தலையை நிறுத்துகிறது. ஆனால் தாடையையும் கட்டிவிடுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், இரு பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் நோயாளிகளையும் உடன்வைத்து 2010களில் உருவாக்கிய ‘ஷெஃபீல்ட் சப்போர்ட் ஸ்னூட்’ இதற்கு ஒரு விடை தந்தது. கழுத்தைச் சுற்றிய நெகிழ்துணியே அதன் அடிப்படை. அதன்மேல் வேண்டிய இடத்தில் வேண்டிய தாங்குபட்டிகளை ஒட்டிக்கொள்ளலாம். நோய் முற்றுந்தோறும் மாற்றிக்கொள்ளலாம். தலை முன்னே விழுவதைத் தடுத்துக்கொண்டே பக்கவாட்டில் திரும்பும் உரிமையை அணிபவருக்கு விட்டுவைக்க இயலும்.

இங்கு மாற்றப்படுவது இழுக்கும் விசையும் அன்று, கழுத்தின் உயரமும் அன்று. எந்த அசைவு தீங்கு, எது வாழ்க்கைக்குத் தேவை என்னும் தெரிவே மாற்றப்படுகிறது. அத்தெரிவைச் செய்பவரும் மாறிவிடுகிறார். சேயரின் வாரைச் சுருக்கியவர் மருத்துவர். சாலையில் தாடைத் தாங்கியைப் பூட்டியவர் மீட்பாளர். ஷெஃபீல்ட் துணியில் பட்டியை இடம்மாற்றுபவர் அணிபவரோ அவரைப் பேணுபவரோ ஆவார்.

முடிவுரை

கழுத்துத் தாங்கியின் வரலாற்றை மேன்மேலும் உறுதியான பிடியை நோக்கிய வளர்ச்சியாகக் காண்பது முழுமையாகாது. ஹாலோவோடு அந்த வளர்ச்சி தன் எல்லையை எட்டிவிட்டது. அங்கும் முள்ளெலும்புகள் நெளிந்தன. அதற்குப் பிந்திய மாற்றங்கள், எவ்வளவு தடுக்க வேண்டும், யாருக்கு, எத்தனை காலம் என்னும் கேள்விகளால் நிகழ்ந்தவை.

கூட்டிக்குறைக்கும் அமைப்பு விசையையோ அளவையோ தேவையையோ குறிக்கலாம். பட்டையின் தோற்றத்திலிருந்து இவற்றை வேறுபடுத்த இயலாது. உயரத்தைப் பொருத்தும் பூட்டு, ஒரு படி மிகுந்தால் இழுவிசையாகிறது என்பதே இவ்வரலாறு தரும் எச்சரிக்கை. ஆகவே புதிய தாங்கியை வடிவமைப்போர், அதில் எத்தனை நிலைகள் உள்ளன என்பதோடு நின்றுவிடலாகாது. ஒவ்வொரு நிலையும் முள்ளெலும்புகளுக்கு இடையில் என்ன செய்கிறது, தோலிலும் சிரையிலும் எவ்வளவு அழுத்துகிறது, அணிந்தவர் வாய்திறந்து உண்ண இயலுமா என்பவற்றையும் அளந்து காட்ட வேண்டும். அசைவு எவ்வளவு குறைந்தது என்னும் ஓர் எண்ணைக்கொண்டு மட்டும் தாங்கியின் தகுதியை மதிப்பிட இயலாது என்பதே இவ்வாய்வின் முடிவாகும்.